பஸ் இருக்கிறது, பஸ்ஸுக்குப் போவதுதான் பாடு

கொங்கு நாட்டில் கார் இல்லாத வீடு என்றால் பெரும்பாலும் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் நிற்கிற வீடு. காலையில் அதன் முன்பக்கத் தட்டையில் தீவன மூட்டை போகும், பால் கேன் போகும். சாயங்காலம் அதே இடத்தில் யூகேஜி படிக்கிற பிள்ளை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பின்னால் அம்மா, அவர் மடியில் சின்னது. ஒரு வண்டியில் நாலு பேர். 'இப்படியா ஏத்திட்டுப் போவாங்க' என்று காருக்குள் உட்கார்ந்து சொல்வது சுலபம். பஸ்ஸுக்குப் பஞ்சமில்லாத பகுதியில் இவர்கள் ஏன் பஸ் ஏறவில்லை என்று கேட்டால்தான் விஷயத்துக்குள் போக முடியும்.

பஞ்சமில்லை என்பது நிஜம்தான். கோவை காந்திபுரத்தில் திருப்பூர், ஈரோடு, சத்தி (சத்தியமங்கலம்) பஸ்கள் அடுத்தடுத்துக் கிளம்பிக்கொண்டே இருக்கும். அரசு பஸ் போக, தனியார் பஸ்களும் ஏராளம். கோவை நகரத்துக்குள்ளேயே தனியார் டவுன் பஸ் ஓடுகிறது; சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அது ஆச்சரியம். சேரன் போக்குவரத்துக் கழகம் 1972இல் தொடங்கியது. அந்தப் பெயர் போய் பல வருஷம் ஆகியும், பெரியவர்கள் வாயில் அது இன்னும் சேரன் பஸ்தான். ஈரோட்டுப் பக்கம் ஜீவா பஸ்.

ஆனால் இந்தப் பஸ்கள் எல்லாம் ஊரையும் ஊரையும் இணைப்பவை. காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புகிற தனி ஆளுக்கு அது போதும். சின்னக் குழந்தை வைத்திருக்கிறவர்களின் போக்குவரத்து அப்படி நேர்க்கோட்டில் இருக்காது. பாலர் பள்ளியில் ஒன்றை விட்டுவிட்டு, இன்னொன்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுவிட்டு, வரும் வழியில் ரேஷன் கடை, அப்புறம் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீடு என்று துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொன்றும் ரெண்டு மூணு கிலோமீட்டர்தான். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும்தான் இதெல்லாம் நடக்கும். அந்த நேரத்தில்தான் கிராமத்து டவுன் பஸ் கிடையாது.

இதோடு கொங்கு நாட்டின் வீட்டமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆற்றுப் பாசன ஊர்களில் வீடுகள் தெருத்தெருவாக ஒட்டி இருக்கும், வயல் வெளியே கிடக்கும். இங்கே கிணற்றுப் பாசனம். மாடும் கிணறும் காவலும் தோட்டத்திலேயே இருப்பதால், பலரும் தோட்டத்துக்குள்ளேயே சாளை (தோட்டத்து வீடு) கட்டிக் குடியிருப்பார்கள். பக்கத்து வீடு என்பதே கூப்பிடு தூரம் தள்ளித்தான். அங்கிருந்து பஸ் ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர், சில இடத்தில் இரண்டு. வழி இட்டேரி, இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மண் தடம். பெரியவர்கள் கால் மணி நேரத்தில் நடந்துவிடுவார்கள். நாலு வயதுப் பிள்ளையோடு அதே தூரம் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதி வழியில் 'தூக்கு' என்று நின்றுவிட்டால் அப்புறம் ஒக்கலில் (இடுப்பில்) வைத்துக்கொண்டுதான் மீதி நடை. சித்திரை வெயிலில் ஒரு பாடு, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் கண்ணெல்லாம் மண் விழுவது இன்னொரு பாடு. இருட்டிய பிறகு தெருவிளக்கும் இருக்காது, நாய்கள் வேறு. பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று வந்து என்ன, அந்த நிறுத்தம் வரைக்கும் போக ஒரு வண்டி வேண்டும். வண்டியை எடுத்தவர் நேராகவே போய்விடுகிறார்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 1997இல் மினி பஸ் வந்தது. பஸ் போகாத குக்கிராமங்களை மெயின் ரோட்டோடு சேர்ப்பது அதன் நோக்கம். வந்த புதிதில் தோட்டத்து வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய விஷயம். கை காட்டின இடத்தில் நிற்கும், கண்டக்டருக்கு எல்லா வீட்டையும் தெரியும். டீசல் விலை ஏறியதும் ஆட்கள் டூ வீலருக்குப் போனதும் சேர்ந்து பல தடங்களில் மினி பஸ் நின்றுபோனது. 2025இல் அரசு விரிவான புதிய மினி பஸ் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. தடம் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, மதியம் ஓடுமா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். காலையும் மாலையும் மட்டும் ஓடினால் அது வேலைக்குப் போகிறவர்களுக்கான இன்னொரு பஸ் ஆகிவிடும்.

நகரத்துக்குள் சிக்கல் வேறு மாதிரி. கோவை வளர்ந்ததே ஆரக்கால் சாலைகளை ஒட்டித்தான்: அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, பொள்ளாச்சி ரோடு. பீளமேடும் சிங்காநல்லூரும் மில்லைச் சுற்றி வளர்ந்த காலத்தில் தொழிலாளி குடும்பம் சங்கு ஊதும் தூரத்திலேயே இருந்தது. பள்ளிக்கூடமும் சந்தையும் நடை தூரம். இப்போது வேலை ஒரு ஆரக்காலில், வீடு இன்னொரு ஆரக்காலில். வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டிக்குப் போக வேண்டும் என்றால் பெரும்பாலும் காந்திபுரம் வந்து மாற வேண்டும்.

வெளியூர் பஸ் நிலையங்களும் அப்படியே பிரிந்து கிடக்கின்றன. பொள்ளாச்சி, பழனிக்கு உக்கடம். திருச்சி, மதுரைக்குச் சிங்காநல்லூர். மேட்டுப்பாளையம், ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு. திருப்பூர், ஈரோடு, சேலத்துக்குக் காந்திபுரம். பொள்ளாச்சியிலிருந்து காரமடை கோயிலுக்குக் கைக்குழந்தையோடு வருகிறவர் உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, மறுபடி இறங்கி ஏற வேண்டும். தனி ஆளுக்கு மாறி ஏறுவது பத்து நிமிஷத் தாமதம், அவ்வளவுதான். குழந்தையோடு மாறி ஏறுவதில்தான் பை காணாமல் போவதும், பால் பாட்டில் கீழே விழுவதும், தூங்கின குழந்தை எழுந்து அழுவதும் நடக்கும். மொத்தத் தூரம் அவர்களைப் படுத்துவதில்லை, இந்த மாற்றங்கள்தான் படுத்துகின்றன.

ரோட்டைக் கடப்பது தனிக் கதை. கோவையில் கடந்த சில வருஷங்களில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் முறை கொண்டுவந்தார்கள். வண்டிகள் நிற்காமல் போகின்றன, காத்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறது, காரில் போகிறவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சிக்னலில் சிவப்பு விழும் அந்த அரை நிமிஷம்தான் நடந்து போகிறவருக்குக் கிடைத்த ஒரே இடைவெளி. அது போய்விட்டது. இப்போது ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பையோடு நிற்கிற அம்மா மூன்றாவது கையை எங்கிருந்து எடுத்து வண்டிகளை நிறுத்தச் சொல்வார்? பாதி ரோடு வரைக்கும் வந்து, நடுத் தடுப்பில் பிள்ளையைக் காலோடு அணைத்துக்கொண்டு நின்று, அந்தப் பக்கம் யாராவது பெரியவர் கை காட்டி இறங்கும்போது கூடவே இறங்கிக் கடக்க வேண்டியிருக்கிறது.

அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். காருக்கு நல்ல வசதி, மறுப்பதற்கில்லை. டவுன் பஸ் நிறுத்தமும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கீழேதானே இருக்கின்றன. மெட்ரோ திட்டத்தை அடுத்த மாதமே மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 20 லட்சம் இல்லை என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. அதைப் பற்றி நிறையப் பேர் நிறையப் பேசிவிட்டார்கள். மெட்ரோ வந்தாலும் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் அரைக் கிலோமீட்டர் இதே ரோடுதான். ஸ்ட்ரோலரைத் தைரியமாக உருட்டக்கூடிய இடம் என்று பார்த்தால் ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோடு, உக்கடம் பெரியகுளக்கரை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே போய் உருட்டுவதற்கே பலர் காரில் வருகிறார்கள்!

இத்தனைக்கும் நடுவில் குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு உண்மையில் உதவிய ஒரு மாற்றம், 2021 மே மாதம் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. மாதம் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். குழந்தையோடு போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: நடுவழியில் இறங்கலாம். பிள்ளை வாந்தி எடுக்கிற மாதிரி முழிக்கிறதா, ஒன்றுக்கு என்கிறதா, வீறிட்டு அழுகிறதா, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய காலத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்னே சொன்ன துண்டுப் பயணங்களுக்கும் இதே கணக்குதான். நாலு இடம் ஏறி இறங்கினால் முன்பு நாலு டிக்கெட். இப்போது பேத்தியை டாக்டரிடம் கூட்டிப்போகும் வேலையை ஆத்தாவே எடுத்துக்கொள்கிறார், மகன் லீவு போட வேண்டியதில்லை.

தனியார் பஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது. அரசு பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸ், சொகுசு வண்டிகளில் கிடையாது. முகப்பில் பிங்க் பெயின்ட் அடித்த வண்டியா என்று பார்த்து ஏற வேண்டும். அப்பா கூட்டிப்போனால் அப்பாவுக்கு டிக்கெட் உண்டு. பிள்ளைகளுக்கு 5 வயது வரை அரசு பஸ்ஸில் இலவசம். 2022 வரைக்கும் அது 3 வயதாக இருந்தது. 5 முதல் 12 வரை அரை டிக்கெட். கண்டக்டர் 'கண்ணுக்கு எத்தன வயசுங்க அம்மிணி' என்று கேட்டு, அம்மா 'இன்னும் அஞ்சு ஆகலைங்க' என்று சொல்லி முடிப்பதற்குள், 'எனக்கு ஆறு' என்று சத்தமாகச் சொல்கிற பிள்ளைகளும் உண்டு. அந்த வயதில் ஒரு வயது கூட இருப்பது பெரிய கௌரவம்.

பஸ்ஸின் படியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழக்கமான பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர் உயரம். தாழ்தளப் பஸ் என்றால் 400. மாற்றுத் திறனாளிகளுக்காக நீதிமன்றம் வரை போய்ப் பேசப்பட்ட விஷயம் இது. சின்னக் குழந்தைக்கும் இதேதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் படியே இடுப்புக்கு வருகிறது. மேலே இருந்து கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கை மூட்டு சுலபமாக நழுவும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வைப்பதுதான் சரி. ஏறும்போது பிள்ளை முதலில், பெரியவர் பின்னால். இறங்கும்போது பெரியவர் முதலில். டைமிங் சண்டையில் இருக்கும் பஸ்ஸாக இருந்தால், கால் வைத்ததுமே எடுத்துவிடுவார்கள். 'குழந்தை இருக்குதுங்க, நிறுத்துங்க' என்று ஏறுவதற்கு முன்பே குரல் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்டக்டர்களில் பலர் தாங்களே பிள்ளையைத் தூக்கி உள்ளே விடுவார்கள், 'வா சாமி, உள்ள போ' என்று. பின் சக்கரத்துக்கு மேலேயும் கடைசி சீட்டிலும் தூக்கிப் போடும். குமட்டல் வருகிற பிள்ளைக்கு நடு சீட்டு நல்லது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்துக்கு 27. அங்கே போகிறவர்கள் கிளம்பும்போது பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுக்காமல், ஒரு கவரும் துண்டும் கையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

குழந்தையோடு போக ரயிலைப் போல வேறொன்று இல்லை. கழிப்பறை இருக்கிறது, எழுந்து நடக்கலாம், ஜன்னல் இருக்கிறது. கோவையிலிருந்து கோவை வடக்கு, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாக மேட்டுப்பாளையம் போகும் பாசஞ்சரில் ஏறினால், மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசல் கண்ணில் படாது. கோவை, திருப்பூர், ஈரோடு தடத்திலும் சோமனூர், வஞ்சிபாளையம், விஜயமங்கலம் என்று சின்னச் சின்ன நிறுத்தங்கள் உண்டு. போத்தனூர், பொள்ளாச்சி பாதை அகலப் பாதையாகி 2017இல் திறந்த பிறகு கிணத்துக்கடவுக்காரர்களுக்கும் வழி பிறந்தது. 5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். 12 வரை முன்பதிவில்லாப் பெட்டியில் அரை டிக்கெட். குறை என்னவென்றால் ரயில் சில நேரத்துக்குத்தான் இருக்கிறது, ஸ்டேஷனும் ஊரும் ஒட்டி இருப்பதில்லை. ஊத்துக்குளி ஆர்.எஸ். (ரயில்வே ஸ்டேஷன்) வேறு, ஊத்துக்குளி ஊர் வேறு. கோபி, சத்தி, தாராபுரம், காங்கேயம், பல்லடத்துக்கு ரயிலே இல்லை.

ஆக, சுற்றி வந்தால் டூ வீலர்தான். சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். ஓட்டுகிறவரோடு இன்னொருவர் மட்டும். அந்த இன்னொருவர் குழந்தையாக இருந்தாலும் ஒருவர்தான். 4 வயது தாண்டிய யாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் பெரியவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டும், தலைக்கு அளவான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஒரு வருஷம் கழித்து அமலுக்கு வந்தது. அந்த பெல்ட் 30 கிலோ வரை தாங்க வேண்டும், நனையாத துணியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதிலேயே இருக்கிறது. பக்கத்திலேயே கேரளாவில் 2023இல் கேமரா வைத்து அபராதம் போடத் தொடங்கியபோது, அப்பா அம்மாவோடு ஒரு பிள்ளையை அனுமதியுங்கள் என்று மாநில அரசே கேட்டது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டதும் நியாயம், மறுத்ததும் நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நடுவில் நிற்கிற குடும்பத்துக்கு வேறு வண்டி எங்கே என்பதற்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

அந்த பெல்ட் வாங்குவது ஒரு ஹெல்மெட் வாங்குவதைப் போலத்தான், பெரிய செலவில்லை. பின்னால் உட்கார்ந்து தூங்கிவிடுகிற பிள்ளைக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. சேலையைச் சுற்றி முடிச்சுப் போடுவதை அத்தோடு விட்டுவிடலாம். எக்ஸ்எல் முன்னால் நிறுத்துவதுதான் இருப்பதிலேயே ஆபத்து: பிரேக் பிடித்தால் முகம் ஹேண்டில்பாரில்தான் போய் முட்டும். சைக்கிளில் வைத்துப் போகிறவர்கள் பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். கேரியரில் உட்காரும் பிள்ளையின் கால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்க் குதிகால் கிழிவது ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகப் பார்க்கிற காயம். சக்கரத்தை மூடும் வலையும் கால் வைக்க மிதியும் சைக்கிள் கடையிலேயே போட்டுத் தருவார்கள்.

இன்னொரு விசித்திரம். அரசு டவுன் பஸ் எட்டிப் பார்க்காத தடத்தில்கூட காலை ஏழரை மணிக்கு மஞ்சள் பஸ் வருகிறது. கொங்கு நாட்டுத் தனியார் பள்ளிகள் சாளை வாசல் வரை வந்து எல்கேஜி பிள்ளையை ஏற்றிப் போகின்றன. ஆரம்பப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. பெரும்பாலான ஊரில் இருக்கவும் செய்கிறது. ஆனால் அந்த 1 கிலோமீட்டருக்கு ஆள் இல்லாத ரோட்டில் பிள்ளையை அனுப்ப மனசு வராமல், இருபது கிலோமீட்டர் போகிற வேனில் ஏற்றிவிடுகிறார்கள். பள்ளியின் தரம், இங்கிலீஷ் என்று காரணம் சொன்னாலும், 'வேன் வீட்டுக்கே வருதுங்க' என்பதும் அதில் பாதி. 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்து ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன. உதவியாளர் கட்டாயம் என்பதும் அவற்றில் ஒன்று. கோடை விடுமுறையில் மைதானத்தில் மஞ்சள் பஸ்களை வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ. ஆட்கள் சோதிப்பது அதன் தொடர்ச்சி. பிள்ளையை இறக்கிவிட்டு பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டைக் கடக்க விடாமல் கைபிடித்து விடுகிற ஆள் வண்டியில் இருக்கிறாரா என்று சேர்ப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவும் சமாளித்து வந்தவர்கள் கடைசியில் ஏன் கார் வாங்குகிறார்கள்? கேட்டுப் பார்த்தால் பாதிப் பேர் ராத்திரிக் காய்ச்சலைச் சொல்வார்கள். மீதிப் பேர் விடியற்காலை முகூர்த்தத்தைச் சொல்வார்கள். வருஷத்தில் சில நாள் வருகிற தேவைக்கு மாதாமாதம் தவணை. அந்தச் சில நாளுக்கு டாக்ஸியை வைத்துக்கொண்டால் வாடகை எவ்வளவு ஆனாலும் தவணைக்குப் பக்கத்தில்கூட வராது. கோவை நகரத்துக்குள் கால் டாக்ஸி எந்த நேரமும் கிடைக்கும். மூச்சுத் திணறல், வலிப்பு என்றால் யோசிக்காமல் 108. பிரசவம் முடிந்து அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 இருக்கிறது, காசு கிடையாது.

டவுனை விட்டு வெளியே இருப்பவர்களுக்கு ஆப் வேலை செய்யாது, தெரிந்த ஆட்டோக்காரர்தான் வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பாரா, எவ்வளவு வாங்குவார் என்பதைப் பகலிலேயே பேசிவிடுவது நல்லது. ஒருவர் போதாது, இரண்டு பேர் நம்பர் இருக்க வேண்டும். முதல் ஆள் வெளியூர் சவாரியில் இருக்கும் அன்றைக்குத்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும். வீட்டுக்கு வரும் வழியையும் ஒருமுறை வெளிச்சத்தில் காட்டிவிடுங்கள், போனில் இருக்கும் மேப் பெரும்பாலும் தார் ரோட்டோடு நின்றுவிடும்.